கொசுறாக வந்ததைக் கொடுத்தேன்

பிரபு,

நீ நல்லபடியாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு அப்படி இருக்கமாட்டாய். உன் கப்பலில் அடுத்த வாரம் ஏறப்போகிற ஃபிட்டர் ஒருவர் ராயபுரத்தில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நாலு தடவை சொல்லப் பார்த்தேன். நாலு தடவையும் சாப்பிட்டாயா, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் என் குரலில் எதையோ கவனித்திருப்பாய். ‘இன்னாப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா’ என்று போன தடவை கேட்டாய். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன கிரிப்டோ காசு போய்விட்டது. கொஞ்சமோ பாதியோ அல்ல, மொத்தமும். மாதவரத்தில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் கடைசித் தவணைக்கு என்று ஆறு வருஷமாக, ஒவ்வொரு கப்பலிலிருந்தும், நீ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. இந்தச் சாம்பல் காற்றை விட்டுப் போனால் அம்மாவின் நெஞ்சு தேறும் என்று சேர்த்தது. போனைத் திறந்தால் சைபர் காட்டுகிறது. யாரும் திருடவில்லை. என் கையாலேயே அனுப்பியிருக்கிறேன், அனுப்புகிறேன் என்று தெரியாமலேயே. அது எப்படி என்று நீ ஒரு வரியில் புரிந்துகொள்வாய், எனக்குப் புரிய பல நாள் ஆனது. ஆனாலும் எனக்குப் புரிந்த மாதிரியே முழுதாக எழுதுகிறேன். நீ என்னைத் திட்டும்போது எதற்குத் திட்டுகிறோம் என்று சரியாகத் தெரிந்து திட்ட வேண்டும்.

நீ கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் கடலோரக் கருங்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். உன் பழைய போனையும் ஒரு துண்டுச் சீட்டையும் என்னிடம் கொடுத்தாய். சீட்டில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ‘கப்பல்ல போன் தண்ணில வுழுந்தா எல்லாம் போச்சுப்பா. இந்த வார்த்தைங்க யார் கையில கீதோ அவன்தான் காசுக்கு சொந்தக்காரன். பேங்கும் கெடயாது, மேனேஜரும் கெடயாது. உங்கிட்ட கீறதுதான் எனக்கு தெம்பு’ என்றாய். முப்பத்திரண்டு வருஷம் குடோனில் சரக்கு வெளியே போகக் கேட் பாஸ் எழுதிய எனக்கு அதைக் கேட்க எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஒரு காகிதமும் என் கையில் தப்பியதில்லை என்று வீட்டில் நான் அளந்துவிட்டதை எல்லாம் நீ நிஜம் என்று நம்பியிருக்கிறாய். அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளையும் காலையில் நடக்கப் போகும்போது முணுமுணுத்து முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். எதிரே வந்தவர்கள் ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் போனைத் திறந்து, காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவேன். குடோன் பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம். அப்படி இருக்கும்போதுதான் நீ செய்தி அனுப்பினாய். ‘ப்பா, நம்ம காயின் நெட்வொர்க் ரெண்டா பிரியுது. பழசு அப்டியே கீது, புதுசா ஒண்ணு வரும். நான் வர்ற வரிக்கும் அத்த தொடாத. வந்து பிரிச்சி வைக்கிறேன்.’ அவ்வளவுதான். கப்பலில் நெட் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அடித்தது, அதற்குமேல் விளக்க உனக்கு முடியாது. மீதியை யூடியூபில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நெட்வொர்க்கை நடத்துகிறவர்களுக்குள் சண்டையாம். ஒரு கூட்டம் பழைய வழியிலேயே போகுமாம், இன்னொரு கூட்டம் வேறு சட்டம் போட்டுக்கொண்டு தனியாகப் போகுமாம். நம் ஊர் மொழியில் பாகப்பிரிவினை. ஆனால் வீட்டுப் பாகப்பிரிவினையில் இருப்பது பாதி பாதியாகும். இதில் அன்றுவரை எழுதிய பேரேடு இரண்டு பேரிடமும் அப்படியே இருப்பதால், உன் காசு பழைய பக்கத்திலும் முழுசாக இருக்கும், புதிய பக்கத்திலும் அதே எண்ணிக்கை முழுசாக முளைத்துவிடும். பழையதற்குத்தான் மதிப்பு. புதியது ஒன்றுக்கு டீ பன் காசுதான் தேறும் என்று அதில் பேசிக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றிய வார்த்தை கொசுறு. காய் வாங்கினால் கறிவேப்பிலை கொஞ்சம் சேர்த்துப் போடுவார்களே, அது. காசு கொடுத்து வாங்கியது இல்லை, கணக்கில் வராது, பக்கத்து வீட்டில் கேட்டால் அள்ளிக் கொடுக்கலாம். ஒரு வார்த்தை மனசில் விழுந்துவிட்டால் பிறகு அதற்கு எதிராக ஒன்றும் காதில் ஏறுவதில்லை. நீ ‘அத்த தொடாத’ என்று எழுதியதில் ‘அத்த’ என்றால் பழைய காசு என்று படித்தேன். மதிப்பானதைத்தானே தொடாதே என்பார்கள். கறிவேப்பிலையைத் தொடாதே என்று யாராவது கப்பலிலிருந்து செய்தி அனுப்புவார்களா? ‘பிரிச்சி வைக்கிறேன்’ என்றதையும் ஏதோ தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவைக்கிற வேலை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வரி திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அப்பனுக்குப் புரியவில்லை என்று ஆகிவிடுமே.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நானும் சொல்லவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று திரும்பி அடித்த வாரம் அது. கொடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் சாம்பல் பறந்தது. ஒரு நாள் பகலில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வரவில்லை, உதடு கறுத்துவிட்டது. நான் தெருவில் இறங்கி ஆட்டோவைத் தேடினேன், எக்ஸ்பிரஸ் சாலை முழுக்க கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. உன் தோஸ்து ரஃபிக்குப் போன் செய்தேன். தண்டையார்ப்பேட்டையில் தன் மொபைல் கடை ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு, பைக்கில் சந்து சந்தாகப் புகுந்து வந்து, அவளைத் தனக்கும் எனக்கும் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மூன்று நாள் கூடவே இருந்தான். வீட்டுக்கு வரும்போது நெபுலைசர் மிஷின் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தான். காசு கொடுத்தால் ‘அம்மாவுக்கு தர்றதுக்கு துட்டு வாங்குவனா நைனா’ என்று முறைத்தான். உன்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். உன் தோஸ்து என்று சொல்வதைவிட நம் வீட்டில் இன்னொருத்தன் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. அவன் கடை முன்னைப்போல் ஓடவில்லை. சட்டென்று, போனில் அதற்குள் வந்து விழுந்திருந்த கொசுறு நினைவுக்கு வந்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன். அவன் உடனே தலையை ஆட்டினான். ‘வேணாம் நைனா. பிரபு வரட்டும். அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுகினு அப்பால பாத்துக்கலாம். இதெல்லாம் எனக்கே முழுசா புரியாது.’ எனக்குக் கோபம் வந்துவிட்டது. ‘நான் குடுத்தா வாங்க மாட்டியா? பழச தொட்டா தப்பு, இது கொசுறுடா. கறிவேப்பிலைக்கு எவனாவது பர்மிஷன் கேப்பானா?’ என்றேன். அவன் சிரித்தான். நான் விடவில்லை. அவனிடம் வேறு ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி ஆப்பில் ஒரு கணக்கு இருந்தது, அதன் முகவரியைக் கட்டாயப்படுத்தி வாங்கினேன். புதிய பக்கத்தைத் திறந்து, அங்கே இருந்ததை எல்லாம் தட்டி, பன்னிரண்டு வார்த்தையின் பலத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மொத்தத்தையும். பாதி அனுப்பியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். கொசுறில் பாதி பார்ப்பது அசிங்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போனைத் திறந்தேன். பழைய பக்கமும் சைபர். மூடித் திறந்தேன். போனை அணைத்துப் போட்டேன். வெளியே எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன், ஏதோ வெளிச்சத்தில் காசு தெரியும் என்பதுபோல. அங்கே கீழே ஒரு வரி இருந்தது. உன் காசு எந்த முகவரிக்குப் போனது என்று. முதல் நாலு எழுத்தையும் கடைசி நாலு எழுத்தையும் நான் என் டைரியில் எழுதி வைத்திருந்தேன். ரஃபி கொடுத்த முகவரி.

பிரபு, இனி எழுதப்போவதுதான் காசு போனதைவிட எனக்குப் பெரிய அவமானம். சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் ஷேர் ஆட்டோ பிடித்து அவன் கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவன் சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்தான். ‘எங்க வூட்ல துன்னு வளந்துட்டு எங்க வூட்டையே தூக்கிட்டியேடா’ என்று கத்தினேன். கத்தியதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் வந்ததே இதற்குத்தான் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது நடிப்பு என்றேன். அவன் மகள் பெயரைச் சொல்லிச் சபித்தேன். அந்தக் குழந்தைக்கு அரைஞாண் கயிறு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். எதிர்க்கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். ரஃபி எழுந்திருக்கவில்லை. சாலிடரிங்கை அதன் ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்துவிட்டு, தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். ‘பாரு நைனா. நீ குடுத்தது மட்டும்தான் எனக்கு வந்துகீது. பழசு என் கணக்குல ஏறவே இல்ல. நீயே பாரு.’ நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்று எனக்கு எழுத்து தெரிந்திருக்காது.

நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ரஃபியேதான் உட்கார்ந்து, எங்கெங்கோ படித்து, யாரையோ கேட்டு, என்ன நடந்தது என்று கண்டுபிடித்தான். இரண்டு நாள் கழித்து ஒரு ஆடியோ அனுப்பினான். அதைத்தான் உனக்கு எழுதுகிறேன். ‘நைனா, நீ புது பக்கத்துல போட்ட கையெழுத்து பழைய பக்கத்துலயும் செல்லும். ரெண்டுக்கும் ஒரே சாவி, ஒரே கையெழுத்து, காசு அனுப்புற சீட்டும் ஒரே மாதிரி. எந்தப் பக்கத்துக்குன்னு அந்த சீட்டுல எழுதல. எவனோ, ஆள் கூட இல்ல, மிஷினு, இந்தப் பக்கம் வந்த சீட்ட எடுத்து அந்தப் பக்கமும் அப்டியே நீட்டிடுச்சி. பழைய பக்கத்துக்காரன் என்னா பண்ணுவான், கையெழுத்து சரியாகீது, உட்டுட்டான். பழசும் அதே அட்ரஸுக்கு பூட்ச்சி. அந்த அட்ரஸு கம்பெனியோடது. என் கையில ஒண்ணும் இல்ல.’ அவ்வளவு திட்டு வாங்கியும் அவன் குரலில் கோபம் இல்லை. பாடம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கடைசியில் மட்டும், ‘இனிமே கடைப்பக்கம் வராத நைனா’ என்றான்.

அந்த ஆடியோவைக் கேட்டதும் எனக்குத் தலையில் அடித்தது போலிருந்தது. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம். நீ மூன்றாவது படிக்கும்போது எங்கள் குடோன் முதலாளிகளான அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். ஒரே கட்டடத்தின் நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, தெற்கு கேட் அண்ணனுக்கு, வடக்கு கேட் தம்பிக்கு என்று ஆனது. ஆனால் அச்சடித்து வைத்திருந்த பாஸ் புத்தகங்களும் ரப்பர் ஸ்டாம்பும் வீணாகக் கூடாது என்று இரண்டு பக்கமும் அதையே பயன்படுத்தினார்கள். நான் அண்ணன் பக்கம். இரண்டு பக்கத்திலும் என் கையெழுத்து காவல்காரர்களுக்குப் பழக்கம். ஒரு நாள் தெற்கு கேட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த பாஸை வைத்துச் சரக்கு எடுத்துப் போன லாரி, மறுநாள் அதே பாஸை வடக்கு கேட்டில் நீட்டி அங்கேயும் அதே அளவு பருப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அங்கே காவலுக்கு நின்றவர் கன்னியப்பன். ஸ்டாம்ப் சரி, கையெழுத்து சரி, என்னுடையதேதான். விட்டுவிட்டார்.

முதலாளிகள் இரண்டு பேரும் அன்றைக்கு மட்டும் ஒன்றாக உட்கார்ந்து விசாரித்தார்கள். எந்த கேட் என்று பாஸில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. அது எனக்குத் தெரியும். பிரிந்த அன்றே அது எனக்குத் தோன்றவும் செய்தது, ஒரு நாளைக்கு அறுபது எழுபது பாஸ் எழுதுகிற கைக்கு இன்னொரு வார்த்தை பாரம் என்று விட்டுவிட்டேன். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். ‘சாரு கையெழுத்துதான. அவுரு சொல்லட்டும்’ என்றார். நான், ‘கையெழுத்து என்னுதுதான். எந்த கேட்டுன்னு பாத்து உட்றது கேட்ல நிக்கிறவன் வேல’ என்றேன். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து நான் ஒவ்வொரு பாஸிலும் ‘தெற்கு கேட் மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அதைப் பார்த்து முதலாளி என்னைக் கெட்டிக்காரன் என்றார். உனக்கு நான் சொன்ன கெட்டிக்காரக் கதைகளில் அந்தச் சிவப்பு மையும் உண்டு, கன்னியப்பன் கிடையாது. பல வருஷம் கழித்து கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் அவரைப் பார்த்தேன், பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்களோடு நின்றிருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவன் முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டேன்.

ஆக, இந்த ஆபத்து எனக்குப் புதிதே இல்லை. பிரிந்த இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து செல்லும் என்றால் என்ன ஆகும் என்று வடசென்னையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இருக்கமாட்டான். நீ ‘வந்து பிரிச்சி வைக்கிறேன்’ என்றது அந்தச் சிவப்பு மை வேலைதான். உன் காசை ஒரு பக்கத்தில் மட்டும் செல்லுகிற மாதிரி வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு, அப்புறம் மற்றதைத் தொட்டிருப்பாய். போனில் வந்ததால், இங்கிலீஷ் பெயர் வைத்திருந்ததால், நான் அதை என் வேலையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வயதானவர்கள் ஜாக்கிரதையானவர்கள் என்று நினைத்து எதையும் இனி யாரிடமும் ஒப்படைக்காதே பிரபு. நாங்கள் பழகிய சாமானில்தான் ஜாக்கிரதை. பழகாத சாமானில் எங்களிடம் இருப்பது வீம்பு மட்டும்தான்.

என்னென்ன செய்து பார்த்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன், நீ ஏதோ வழி இருக்கும் என்று இராத்தூக்கம் கெடக் கூடாது. சைபர் போலீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ‘யாரு சார் எடுத்தா?’ என்றார். தெரியாது என்றேன். ‘உங்க பாஸ்வேர்ட யாராவது திருடினாங்களா?’ இல்லை. ‘கையெழுத்து யாரோடது?’ என்னுடையது. அவர் பேனாவை மூடிவைத்தார். ‘அப்ப நான் யார் மேல சார் எழுதறது? உங்க மேலயா?’ அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு, ரஃபி அந்த ஆடியோவிலேயே சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதினோரு கடிதம் போட்டேன். பதினொன்றுக்கும் ஒரே மூன்று வரிப் பதில். அந்த முகவரி புதிய காசுக்கு மட்டும்தான், பழைய காசை அதில் அவர்கள் ஏற்பதில்லை, தவறாக வந்ததை எடுத்துத்தர அவர்களிடம் வசதி இல்லை, தங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி. காசு அங்கேதான் இருக்கிறது. போனில் அந்த முகவரியைத் தட்டினால் இப்போதும் தெரிகிறது. யாரும் எடுக்கவில்லை, யாராலும் எடுக்கவும் முடியாது போலிருக்கிறது. திருடன் ஒருவன் இருந்திருந்தால் அவனை நினைத்துத் திட்டிக்கொண்டாவது படுத்திருப்பேன்.

ரஃபி அந்தப் புதிய காசை விற்றுவிட்டு, கிடைத்ததை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பினான். நாலு பேர் பிரியாணி சாப்பிடலாம், அவ்வளவுதான் அது. நான் திருப்பி அனுப்பினேன். அவன் மறுபடி அனுப்பினான். இப்படி மூன்று முறை போய்வந்தது, ஒரு வார்த்தை கூட இல்லாமல். கடைசியில் என்னிடமே தங்கிவிட்டது. கடைவாசலுக்கு இரண்டு தடவை போனேன், எதிர்ச்சாரியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தையைச் சபித்தவன் என்ன சொல்லிக் கேட்பான்? நீ இறங்கியதும் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவனைப் போய்ப் பார். எனக்காகப் பேசாதே. எனக்காகப் பேசினால் உன்னையும் எழுந்து போகச் சொல்வான். உன் பங்குக்கு நீ மட்டும் பேசு. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதற்கு இந்தக் கடிதம்தான் நான் எழுதிக் கொடுக்கிற பாஸ், அதையும் கூட எடுத்துப் போ.

இன்னொன்று. இந்த மாதச் சம்பளத்திலிருந்து அந்தக் கிரிப்டோ கணக்கில் எதையும் போடாதே. அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளை இனி நான் நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. தவணை கட்டவேண்டிய தை மாதத்துக்கு முன்னால் அவ்வளவையும் புரட்டுவது நடக்காது, எனக்குத் தெரியும். என் பென்ஷனை வைத்து ஒரு சுவர்கூட வாங்க முடியாது. கெடுவை நீட்டிக் கேட்கலாம் என்று மாதவரத்தில் வீடு கட்டுகிறவர்களின் ஆபீசில் ஜாடையாக விசாரித்தேன். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நீ முன்பணமாகக் கொடுத்ததில் கொஞ்சம் திரும்ப வரும். மாதவரம் ஒன்றும் மலைப்பிரதேசம் இல்லை, லாரி புகை அங்கேயும் உண்டு என்று நான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்தச் சாம்பலிலும் வாயுவிலும் இன்னும் இரண்டு மழைக்காலம் இவளால் தாக்குப்பிடிக்க முடியாது என்று. வாடகைக்கு எங்காவது போகலாம் என்று நீ சொல்வாய். போகலாம். அவள் ஏன் என்று கேட்பாள்.

அவளுக்கு இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேச்செல்லாம் அந்த வீடுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நிற்கிறாள். எல்லாம் போன பிறகும் இரண்டு ஞாயிறு அவளைக் கூட்டிப்போனேன். இரண்டாவது மாடி ஏற அவளுக்குக் கால் மணி நேரம் ஆகிறது, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள். மேலே போனதும் இன்னும் கதவு வைக்காத அந்த அறையில் ஜன்னலுக்கு நேரே நின்று, ‘இங்க குந்திகினு மூச்சு உட்டா நெஞ்சு வரிக்கும் போவுது பாரு’ என்றாள். என்னையும் நின்று மூச்சு விட்டுப் பார்க்கச் சொன்னாள். நின்றேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம், அடுப்பு மேடை இன்னும் ரெண்டு விரல் தாழ்வாக வேண்டும் என்றாள். அவர் சரிம்மா என்று பென்சிலால் சுவரில் கோடு போட்டார். நான் தடுக்கவில்லை. உனக்குப் புத்தி சொல்லும் அப்பனாக ஒரு காலத்தில் இருந்தவன், அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அவளிடம் சொல்ல நீ வரும்வரை காத்திருப்பதா, இல்லை நானே சொல்லிவிடுவதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். ஆனால் சொன்னால் அவள் மூச்சு என்ன ஆகும் என்று யோசித்தால் என் கை நின்றுவிடுகிறது.

இப்போதும் பக்கத்தில் வந்து நிற்கிறாள். காகிதத்தின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். ‘யாருக்கு எழுதிகினுகீற, இவ்ளோ நீட்டா?’ என்றாள். பிரபுவுக்கு என்றேன். ‘புள்ளைக்கா? அப்ப இத்த கேட்டு எழுது. ஜன்னல் ரூமுக்கு இன்னா கலரு அடிக்கலாம்னு பெயின்ட்டுக்காரன் கேக்கறான். எனக்கு இளநீலம் ஓகே. அவனுக்கு புடிக்கலன்னா வேற சொல்லட்டும், அவன் சம்பாரிச்ச வூடு.’ நான் எழுதி முடிக்கும்வரை நகரமாட்டேன் என்று நிற்கிறாள். கேட்டுவிட்டேன் பிரபு. என்னிடம் சொல்லவேண்டியதை எல்லாம் நேரில் வந்து சொல், எவ்வளவு வேண்டுமானாலும் சொல். போனில் நீ அனுப்புவதை எனக்கு முன்னால் எடுத்துப் படிப்பவள் அவள். அதனால் இப்போதைக்கு ஒரு நிறத்தின் பெயரை மட்டும் அனுப்பு.

அப்பா